எடிட்டிங் மேஜையிலிருந்து: வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

போன இதழில் என்னைப் பற்றி நாலு வரி வந்திருந்தது. நாசரேத்துக்காரர், சென்னையில் சீரியல் எடிட்டராக இருந்தவர், இப்போது அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில், ஹோம்ஸ்கூல் பிள்ளைகளுக்கு (பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிறவர்கள்) கிறிஸ்தவ வீடியோ பாடம் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை என்று. அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளை ஆசிரியர் மொத்தமாக எனக்கே தள்ளிவிட்டார். "பதில் எழுதித் தாங்க அண்ணாச்சி" என்று ஒரே ஒரு வரி. சரி, எழுதுகிறேன். எங்கள் நிறுவனத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். உப்பு தின்ற வீடு. ஆனால் சில இடத்தில் குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

கேள்வி: சீரியலுக்கும் பாடத்துக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்? அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள்?
— உங்கள் பழைய உதவியாளன், வடபழனி

அடேய், நீயா! சொல்கிறேன். என் மனைவி நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துக் குடும்பமாக வந்தோம். முதல் ஒன்றரை வருடம் நான் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கினேன். சபையில் எங்களுக்கு முன் வரிசையில் உட்காரும் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது, "உனக்கு எடிட்டிங் தெரியுமாமே, எங்கள் இடத்தில் ஆள் தேடுகிறோம்" என்றார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் அவர். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடம் முழுக்க அவர் முகம்தான் என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

முதல் வாரம் அவருடைய பாடம் ஒன்றையே என்னிடம் கொடுத்தார்கள். நீயும் நானும் சென்னையில் கற்றது என்ன? இடைவெளி விடாதே. அரை விநாடி திரை சும்மா இருந்தால் ஆள் சேனலை மாற்றிவிடுவான். அந்தப் பழக்கத்தில் 31 நிமிடப் பாடத்தை வெட்டி வெட்டி 24 நிமிடமாக்கிப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். தாத்தா பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தார். அப்புறம் திரையை விரலால் தட்டி, "நான் கேள்வி கேட்டேனே, பதில் சொல்கிற பிள்ளைகள் எங்கே?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஐந்து விநாடி கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்பார். கஷ்டமான கேள்வி என்றால் எட்டு விநாடி. மனதுக்குள் எண்ணுவாராம். அந்த நேரத்தில்தான் எங்கோ ஒரு வீட்டில், சாப்பாட்டு மேஜையில், ஒரு பிள்ளை வாயைத் திறந்து "மைனஸ் ஆறு" என்கிறது. நான் வெட்டிப் போட்ட ஏழு நிமிடமும் அந்தப் பிள்ளைகளுடையது. மறுநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப ஒட்டினேன்.

*

கேள்வி: என் மகன் பார்க்கும் பாடத்தில் ஆசிரியை நிஜ வகுப்பில் நிற்கிறார், பிள்ளைகள் கை தூக்குகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் பார்ப்பதில் ஒருவர் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார். எது நல்லது?
— ஒரு அம்மா, சார்லட்

உங்கள் மகன் பார்ப்பது அனேகமாக அபேக்கா என்ற நிறுவனத்தின் பாடமாக இருக்கும். ஃப்ளோரிடாவில் பென்சகோலா என்ற கடற்கரை ஊர். ஆர்லின் ஹார்ட்டன், பேக்கா ஹார்ட்டன் என்ற தம்பதி 1954-இல் அங்கே ஒரு கிறிஸ்தவப் பள்ளி தொடங்கினார்கள். 1972-இல் பாடப்புத்தகம் போட ஆரம்பித்தார்கள். அதற்கு அந்த அம்மாவின் பெயரையே வைத்தார்கள். 1974-இல் கல்லூரி. வீடியோ எடுக்க வேண்டும் என்று வந்தபோது, கையிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். வகுப்பறைக்குள் கேமராவைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அதனால் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வகுப்பில் தனக்கும் ஒரு பெஞ்சு இருப்பது போல இருக்கும். இரண்டாவது வரிசையில் எப்போதும் முதலில் கை தூக்கும் பெண்ணை எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். படம் பிடிக்கும்போது எட்டு வயது. இன்று அவளே எங்காவது பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தெரியாமலேயே அவளுக்கு ஆயிரம் வகுப்புத் தோழர்கள்.

இன்னொரு வகை, ஒரே ஆள். 'மேத் யூ சீ' என்ற கணக்குப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீவ் டெம்மி என்ற மனிதர், ஒரு வெள்ளைப் பலகை, கை நிறைய கலர் கட்டைகள், அவ்வளவுதான். பிள்ளைகளும் அதே கட்டைகளை வீட்டில் வைத்துக்கொண்டு கூடவே அடுக்குவார்கள். ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்று ஒரு ஊர் இருக்கிறது (ஆமாம், அமெரிக்காவில்தான்). அங்கே ரோமன் ரோட்ஸ் என்ற நிறுவனம் வெஸ் காலிஹன் என்ற ஆசிரியரை வைத்து ஹோமர், வெர்ஜில் போன்ற பழைய கிரேக்க, ரோமானியக் கவிஞர்களை எல்லாம் பாடமாக எடுத்தது. வெள்ளைத் தாடிக்காரர். கதை சொல்வதுபோலப் பேசிக்கொண்டே போவார்.

எது நல்லது என்றால், உங்கள் மகனைத்தான் கேட்க வேண்டும். வகுப்பறை வீடியோவில் கூட்டம் இருக்கிறது, ஆனால் பாதி நேரம் அங்கே இருக்கிற பிள்ளைக்குப் போய்விடும். ஆசிரியை "உட்காரும்மா" என்பதைக்கூட உங்கள் மகன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தனி ஆள் வீடியோவில் முழுப் பார்வையும் உங்கள் பிள்ளை மேல். ஆனால் பேசுகிறவருக்குத்தான் நரகம். நீங்களே உங்கள் ஃபோனைப் பார்த்துப் பத்து நிமிடம் பின்னம் கற்றுக்கொடுத்துப் பாருங்கள். ஒரு தலையாட்டல் கிடையாது, ஒரு கொட்டாவிகூடக் கிடையாது. முப்பது வருடம் வகுப்பெடுத்த நல்ல ஆசிரியர்கள் எங்கள் ஸ்டுடியோவில் லைட் போட்ட இரண்டாவது நிமிடம் நாக்கு உலர்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கணக்குத் தாத்தா தன் பேத்தியின் படம் ஒன்றை லென்ஸுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டியிருப்பார். முன் பல் விழுந்த படம். பேத்தி இப்போது கல்லூரிக்குப் போய்விட்டாள், படம் மாறவில்லை.

*

கேள்வி: அரை மணி நேரப் பாடம் ஒன்றுக்கு எத்தனை பேர் வேலை செய்வீர்கள்? ஒரு கேமரா, ஒரு ஆசிரியர் போதாதா?
— பொறியாளர், சான் ஹோசே

போதும், ஒரு பாடத்துக்கு. ஒரு வருடப் பாடம் என்றால் 170, 180 பகுதி. அங்கேதான் ஆள் வேண்டியிருக்கிறது.

எங்கள் இடம் பழைய மரச்சாமான் கிடங்கு. மொத்தம் பதினாலு பேர். பாடத்தின் வரைவை எழுதுவது முன்னாள் பள்ளி ஆசிரியை ஒருவர். ஐந்து பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்து ஆளாக்கியவர். எந்த இடத்தில் பிள்ளை அழும் என்று அவருக்குத் தெரியும். அதைப் படித்துப் பார்க்க ஒரு போதகர் உண்டு. கணக்குப் பாடத்தில் போதகருக்கு என்ன வேலை என்று நானும் நினைத்தேன். உதாரணக் கணக்கில் லாட்டரிச் சீட்டு வந்தால் அடித்துவிட்டுக் கோழிமுட்டை என்று எழுதுவார். அப்புறம் மெய்ப்புப் பார்க்கும் அம்மா ஒருவர், வீட்டிலிருந்தே. கேமரா இரண்டு பேர். ஒலிக்கு ஒரு பையன். எடிட்டிங் நானும் இன்னொரு பெண்ணும். காது கேளாத பிள்ளைகளுக்காகத் திரையின் அடியில் எழுத்து போடுவது ஒருவர். விடைப்புத்தகத்தையும் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது ஒருவர். மீதிப் பேர் ஃபோனிலும் பார்சலிலும்.

ஒலிப் பையன் பாடுதான் பெரிய பாடு. தகரக் கூரை. மழை பெய்தால் படப்பிடிப்பு நின்றுவிடும். ஏசி சத்தம் கேட்கும் என்று அதை நிறுத்திவிட்டுத்தான் எடுப்போம். ஜூலையில் ஆசிரியர் கோட்டு போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே நிற்பார், முதுகில் ஆறு ஓடும். 2024 மே மாதம் இன்னொரு கூத்து. இங்கே 13 வருடத்துக்கு ஒரு முறை மண்ணுக்குள்ளிருந்து கிளம்பி வரும் சிள்வண்டுக் கூட்டம் ஒன்று உண்டு. நாஷ்வில் சுற்றுவட்டாரம் முழுக்க மரத்துக்கு மரம் அதுதான். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஒரே இரைச்சல். அடுத்த தடவை 2037 என்றான் பையன், அழாத குறையாக. கிட்டத்தட்ட ஒரு மாதம் அதிகாலை ஐந்தரைக்கு வந்து, வண்டு எழும்புமுன் எடுத்து முடித்தோம். அந்த மாதம் எடுத்த வரலாற்றுப் பாடங்களில் ஆசிரியையின் கண்ணைப் பாருங்கள், தூக்கம் அப்படியே தெரியும்.

இன்னொன்று. ஒரு பாடத்தில் இரண்டு வாக்கியம் தப்பாக இருக்கிறது, எட்டு மாதம் கழித்து அதை மட்டும் திரும்ப எடுக்க வேண்டும் என்று வையுங்கள். அதற்குள் ஆசிரியர் இளைத்திருப்பார், அல்லது தாடி வைத்திருப்பார். அதனால் எங்களிடம் ஒரு மர டிராயர் இருக்கிறது. அதில் டை, சட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாம் தனித்தனிப் பையில். பையின் மேல் சீட்டு: "கணக்கு 7, பாடம் 41 முதல் 60 வரை. நீல டை. சலவை செய்யாதே." சலவை செய்தால் நிறம் வெளிறிவிடுமே.

*

கேள்வி: பாட வீடியோவில் தப்பு வந்தால் என்ன ஆகும்? உங்களுக்கு அனுபவம் உண்டா?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை

உண்டு ஐயா. ஆசிரியர் தப்பாகச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

மைனஸ் மூன்று பெருக்கல் மைனஸ் நான்கு. தாத்தா பலகையில் அழகாக 12 என்று எழுதுகிறார். திரையின் அடியில் பெரிய எழுத்தில் விடை வர வேண்டும். அதைப் போட்டது நான். முந்தின கணக்கின் எழுத்தை அப்படியே நகல் எடுத்து எண்ணை மட்டும் மாற்றினேன். மைனஸ் குறி போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. பலகையில் 12, அடியில் மைனஸ் 12. ஒப்பிட்டுப் பார்ப்பவர் அந்த வாரம் விடுப்பு. இரண்டாயிரத்துச் சொச்சம் டிவிடி அடித்தாகிவிட்டது.

ஆகஸ்ட் கடைசியில் ஃபோன் வர ஆரம்பித்தது. அம்மாக்களின் கோபத்தில் நியாயம் இருந்தது: "குறி விதியைத்தான் மூன்று நாளாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் ஒரு விநாடியில் கெடுத்துவிட்டீர்கள்." ஒரு பையன் பென்சிலால் கடிதமே எழுதியிருந்தான். எண்கோடு வரைந்து, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டு, "ஐயா, நீங்கள் சோர்வாக இருந்திருப்பீர்கள்" என்று முடித்திருந்தான். அந்தக் கடிதம் என் மேஜைக்கு மேலே இன்றும் இருக்கிறது.

திருத்தச் சீட்டு அச்சடித்தோம். விற்காமல் இருந்த பெட்டிகளில் சீட்டை வைக்கச் சபையிலிருந்து பத்துப் பேர் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். மேலாளர் எல்லாருக்கும் பீட்சா வாங்கினார். என் சம்பளத்தில் பிடிக்கவில்லை. ஆனால் விடுப்பில் போன பெண்ணுக்கு மாற்று ஆள் போடாதது யார் என்று யாரும் கேட்கவும் இல்லை. அதைச் சொல்லத்தான் நிறுவனத்தின் பெயரைக் கேட்க வேண்டாம் என்றேன். இணையத்தில் ஓடும் பதிப்பை ஒரே மதியத்தில் சரி செய்துவிட்டேன். ஆனால் இங்கே பழைய ஹோம்ஸ்கூல் புத்தகம், டிவிடியெல்லாம் சபை மண்டபங்களில் கைமாறிக்கொண்டே இருக்கும். மூன்று டாலர், ஐந்து டாலர். போன வருடம் அப்படி ஒரு விற்பனையில் என் டிவிடியைப் பார்த்தேன். எடுத்துத் திறந்தேன், சீட்டு இல்லை. நானே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

*

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன், வீடியோ எடிட்டிங் படித்திருக்கிறேன். இப்படி ஒரு இடத்தில் வேலை கிடைக்குமா? சம்பளம் எப்படி?
— நாகர்கோவில்

இங்கே வருவதற்கு விசா வேண்டும் தம்பி, அது தனிக் கதை. அதை விடு. வேலைக்கு எடுக்கும்போது இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் விசுவாச அறிக்கை என்று ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்துக் கேட்பார்கள். வேதாகமம் பிழையற்றது, இயேசுவின் உயிர்த்தெழுதல், சில இடத்தில் ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்பது வரை இருக்கும். 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், மத நிறுவனங்கள் தங்கள் மார்க்கத்து ஆட்களையே வேலைக்கு எடுக்க விலக்கு கொடுத்திருக்கிறது. அதனால் கேட்கிறார்களே என்று ஆச்சரியப்படாதே. எனக்குக் கொடுத்த தாளில் ஒரு வரி எனக்கு ஒத்துவரவில்லை. மேலாளரிடம் சொன்னேன். அவர் தாளைத் திரும்ப வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் என் கருத்தையும் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எல்லா இடத்திலும் அப்படி நடக்காது.

சம்பளம் சுமார்தான். "இது ஊழியம் அல்லவா" என்பார்கள். நம் ஊர் மிஷன் பள்ளியில் வேலை செய்தவர்களுக்கு இந்த வாக்கியம் நன்றாகத் தெரியும். என் மனைவியின் நர்ஸ் வேலைதான் எங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ்.

*

கேள்வி: உலகத்துக்கு வயது ஆறாயிரம் என்று அறிவியல் பாடத்தில் சொல்வதை எப்படி மனச்சாட்சியோடு எடிட் செய்கிறீர்கள்? இதைப் படித்த பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்குமா?
— கோபமாக ஒரு வாசகி, நியூ ஜெர்சி

கோபப்பட வேண்டிய கேள்விதான் அம்மா. நான் பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தவன். எனக்கு டார்வினைப் பாடம் எடுத்தவரே ஒரு பாதிரியார்தான். விசுவாசமும் பரிணாமமும் ஒரே மேஜையில் உட்காரும் என்பது என் எண்ணம். எங்கள் நிறுவனத்தின் எண்ணம் வேறு. அதனால் உயிரியல் பாடத்தை இன்னொரு எடிட்டர் செய்கிறாள், கணக்கும் வரலாறும் நான். நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு. தப்பித்துக்கொண்டேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஆனால் எல்லாக் கிறிஸ்தவ அறிவியல் பாடமும் அரைகுறை என்று எண்ணாதீர்கள். அப்போலஜியா என்ற நிறுவனத்தைத் தொடங்கிய ஜே வைல் அணு வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தப் பாடத்தின் வேதியியல் கணக்குகளைச் செய்துவிட்டுப் பொறியியல் படிக்கப் போன பிள்ளைகளை எனக்கே தெரியும். பூமியின் வயது என்று வரும் இடத்தில்தான் அவரோடு எனக்கு ஒத்துவராது.

கல்லூரி விஷயத்தில் ஒரு வழக்கே நடந்தது. கலிஃபோர்னியாவில் முரியேட்டா என்ற ஊரில் ஒரு கிறிஸ்தவப் பள்ளி. அபேக்கா, பாப் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவ நிறுவனங்களின் பாடப்புத்தகங்களை வைத்து நடத்திய சில பாடங்களை, சேர்க்கைக்குரிய பாடமாக ஏற்க முடியாது என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. 2005-இல் வழக்குப் போட்டார்கள். 2008-இல் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2010-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. அது பள்ளி, வீட்டுப் படிப்பு அல்ல. ஹோம்ஸ்கூல் பிள்ளைகளை எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்தோ, பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் எடுத்த பாடங்களை வைத்தோ எத்தனையோ கல்லூரிகள் எடுத்துக்கொள்கின்றன. பிள்ளை மருத்துவமோ உயிரியலோ படிக்க ஆசைப்பட்டால் ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தக் கல்லூரி என்ன கேட்கிறது என்று பார்த்துவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் எங்களுக்கு ஃபோன் செய்து அழுகிற பெற்றோர் வருடத்துக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

*

கேள்வி: இணையம் வருவதற்கு முன் இதெல்லாம் எப்படி நடந்தது?
— கல்லூரி மாணவி, டொரன்டோ

கேசட். பெட்டி பெட்டியாக. தென் கரோலினாவில் கிரீன்வில் ஊரில் இருக்கும் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1990-களில் செயற்கைக்கோள் வழியாகவே பாடம் அனுப்பியது. கொல்லையில் டிஷ் வைத்து, பாடம் வரும் நேரத்துக்கு வி.சி.ஆரை ஓடவிட்டுப் பதிவு செய்துகொள்வார்களாம். எங்கள் பார்சல் பிரிவில் இருக்கும் அம்மா தன் வீட்டில் அப்படித்தான் படிக்கவைத்தார். இடி இடித்தால் அன்று இலக்கணம் கிடையாது என்பார்.

பிறகு டிவிடி. சில நிறுவனங்கள் அதை விற்கவே மாட்டார்கள், வருடக் கடைசியில் திருப்பி அனுப்ப வேண்டும். எங்களிடமும் கொஞ்ச காலம் அந்த முறை இருந்தது. திரும்பி வரும் வட்டுகளில் வேர்க்கடலை வெண்ணெய், ஜாம், ஒரு தடவை நாய்ப் பல் தடம். துடைக்கவே இரண்டு பேர்.

2020-இல்தான் எல்லாம் மாறியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஹோம்ஸ்கூல் செய்தவர்கள் அந்த வசந்த காலத்தில் 5.4 சதவீதம், அதே வருடம் இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதம் என்று அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை சொன்னது. எண்ணைப் பார்க்காமலேயே எங்களுக்குத் தெரிந்தது. ஃபோன் எடுக்கிற பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

*

கேள்வி: பிள்ளையை டிவி முன் உட்கார வைத்துவிட்டு அம்மா சமையல் பார்ப்பதற்குப் பெயர் படிப்பா?
— மதுரை வாசகர்

கேட்பீர்கள் என்று தெரியும். அப்படி நடக்கிற வீடும் உண்டு. அந்தப் பிள்ளைகள் திண்டாடுவதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் எங்கள் வரைவு எழுதும் அம்மா என்னைத் தன் மகள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நான் எடிட் செய்த பாடத்தை ஒரு பிள்ளை பார்ப்பதை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. பையனுக்கு ஒன்பது வயது. ஒரு காலில் சாக்ஸ், இன்னொன்றில் இல்லை. மடியில் பூனை. அவன் அம்மா அடுப்புப் பக்கம்தான் நின்றார், ஆனால் ரிமோட் அவர் ஏப்ரன் பையில். திரையில் ஆசிரியை "காலை வணக்கம்" என்றதும் பையன் சத்தமாகப் பதில் வணக்கம் சொன்னான். பூனைக்குப் பழக்கம்போல, அசையவில்லை. நீள்வகுத்தலில் ஒரு இடத்தில் அவன் பென்சில் நின்றது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பென்சில் சத்தம் நின்றதைக் கேட்டே பையிலிருந்து ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். "எந்த இடம்?" "கீழே இறக்கின இடம்." கையில் மாவோடு வந்து உட்கார்ந்தார். 28 நிமிடப் பாடம் முடிய ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சைத் தாளைத் தபாலில் வாங்கித் திருத்தும் வசதியும் பெரிய நிறுவனங்களில் உண்டு, கூடுதல் கட்டணத்துக்கு. அங்கே திருத்துகிறவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததே இல்லை, கையெழுத்தை மட்டும் அறிவார்கள்.

*

கேள்வி: டாலஸில் இருக்கிறோம். மகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று நினைக்கிறோம். போலீஸ் வருமா?
— இளம் தம்பதி

வராது. டெக்சாஸில் 1994-இல் மாநில உச்ச நீதிமன்றம், ஒழுங்காக நடக்கும் ஹோம்ஸ்கூலும் ஒரு தனியார் பள்ளியே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டு, இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு, இவ்வளவும் முறையான பாடத்திட்டத்தோடு இருந்தால் போதும். மகள் ஏற்கெனவே அரசுப் பள்ளியில் இருந்தால் எழுத்துமூலம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், சொல்லாமல் நின்றால்தான் வம்பு. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு: பென்சில்வேனியாவில் வருடா வருடம் பிரமாணப் பத்திரம், பிள்ளையின் வேலைகளைத் தொகுத்த கோப்பு, அதைப் பார்த்துச் சான்று சொல்ல ஒரு மதிப்பீட்டாளர். நியூயார்க்கில் மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை. எங்கள் டென்னசியில் ஏதாவது சபைப் பள்ளியின் குடைக்குக் கீழ் பெயரைப் பதிந்துகொள்கிறார்கள்.

வீடியோவை ஒரே நாளில் வருடத்துக்கும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள். மாதிரிப் பாடம் இலவசமாகவே கிடைக்கும். மூன்று ஆசிரியரைப் போட்டுக் காட்டி, எந்த முகத்துக்கு மகள் பதில் சொல்கிறாள் என்று பாருங்கள்.

*

கேள்வி: தமிழில் இப்படி ஒன்று செய்யக்கூடாதா அண்ணாச்சி? இங்கே எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே வரமாட்டேன் என்கிறது.
— ஞாயிறு பள்ளி ஆசிரியை, ஹூஸ்டன்

பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு சின்ன முயற்சி நடக்கிறது. நாசரேத்தில் என் பெரியம்மா, முப்பத்தாறு வருடம் ஒன்றாம் வகுப்பு டீச்சர். இப்போது 78 வயது. வாசல் திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டு, சிலேட்டை மடியில் வைத்து, பக்கத்து வீட்டுப் பையனின் ஃபோனில் எனக்காக ஆறு பாடம் பேசி அனுப்பியிருக்கிறார். அ முதல் ஊ வரை. காலர் மைக் கிடையாது, லைட் கிடையாது. பின்னால் சேவல், மீன்காரர் ஹாரன், ஒரு இடத்தில் யாரோ வந்து "டீச்சர் இருக்காங்களா" என்று கேட்க, "பாடம் நடக்குது, அப்புறம் வா" என்று பெரியம்மாவே துரத்திவிடுவார்.

போன சனிக்கிழமை அதை எடிட் செய்ய உட்கார்ந்தேன். 'இ' எழுதிக் காட்டிவிட்டு, "எங்கே, நீ போடு பாப்போம்" என்று சொல்லி, சிலேட்டைத் தாழ்த்திவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கவுண்டரைப் பார்த்தேன்: 19 விநாடி. இ என்ற எழுத்தைச் சுழித்து முடிக்க ஐந்து வயதுக் கைக்கு அவ்வளவு நேரம் வேண்டும்தானே. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 19 விநாடியும் அப்படியே இருக்கிறது. சேவலை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். முகவரி அனுப்புங்கள், ஆறு பாடமும் அனுப்பி வைக்கிறேன்.